மாசுணம் முதல் பால் பைத்தான் வரை

சங்க மலருக்கு வழக்கம்போல் கல்வெட்டு பற்றி ஏதேனும் எழுதித் தாருங்கள் என்றுதான் மலர்க் குழுவினர் கேட்டார்கள். திருநாதர்குன்று பற்றிக் குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். ஆனால் 2024 செப்டம்பரில், கணபதி கரைத்த மறுவாரம், முலுண்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்த ஒரு சம்பவம் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆகவே இம்முறை பாம்பு. வாசகர்கள் பொறுத்தருள்க. நான் பாத்திரக் கடைக்காரன், விலங்கியல் படித்தவனல்லன். பழைய எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. தெரிந்தவர்களைக் கேட்டும் படித்தும் சேர்த்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். காலேஜில் படிக்கும் பையன் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்த்து வந்திருக்கிறான். பக்கத்து வீட்டுக்கே தெரியாது. ஒருநாள் மூடி சரியாகப் பொருந்தாமல் போய், அது அடுத்த ஃப்ளாட்டில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. அந்த வீட்டு குஜராத்தி அம்மா போட்ட சத்தத்தில் ஏழு மாடியும் கூடிவிட்டது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். மாலைக்குள் அது ஒரு ஹிந்தி டி.வி. செய்தியில் வந்துவிட்டது. பின்னணியில் மகுடி இசை. சிவப்பு எழுத்தில் 'கொடிய விஷ நாகம்'. படத்தில் இருப்பது ஒன்று, எழுத்தில் இருப்பது வேறு என்பதை யாரும் கவனிக்கவில்லை. வனத்துறைக்காரர் வந்து வெறுங்கையால் அதை எடுத்தார். அது தலையை உடம்புக்குள் ஒளித்துக்கொண்டு பந்துபோல உருண்டு கிடந்தது. பயந்து போயிருந்தது அதுதான்.

பையனின் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஒங்களுக்கு நாலு பேரத் தெரியும்லா. புள்ளைய ஜெயில்ல போட்ருவாவளோ?" என்று அழுதார். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். என்னை உறுத்துவது மூன்றாம் நாள் நடந்தது. ஜோடிப் பாம்பு பழிவாங்க வரும் என்று யாரோ கிளப்பிவிட, தோட்டத்தில் போன ஒரு சாரைப்பாம்பை வாட்ச்மேன் தடியால் அடித்தே கொன்றுவிட்டார். எலி பிடித்துத் தின்று எங்கள் மீட்டர் அறை ஒயரையெல்லாம் காப்பாற்றி வந்த பாம்பு அது. மேற்கு ஆப்பிரிக்கப் பாம்புக்கு முலுண்டுச் சாரை எப்படி ஜோடியாகும்? யாரைக் கேட்பது?

முதலில் அந்த வளர்ப்புப் பாம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் பால் பைத்தான். நம் பால் அல்ல, ஆங்கிலப் பந்து. கானா, டோகோ, பெனின் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் புல்வெளிகளில் வாழ்வது. நம் ஊர் மலைப்பாம்பின் இனம்தான், ஆனால் குள்ளம். மூன்றடி முதல் ஐந்தடி வரை வளரும். விஷம் கிடையாது. எலியைச் சுற்றி இறுக்கித் தின்னும். நல்ல கவனிப்பில் இருபது முப்பது ஆண்டு உயிரோடு இருக்கும் என்பதை வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. பையன் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகும் பாம்பு இருக்கும், யார் பார்த்துக்கொள்வது? இதை வெள்ளை, மஞ்சள், புள்ளியில்லாதது என்று பல நிறங்களில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். நிறத்துக்கு ஒரு விலை. புடவைக் கடை மாதிரித்தான்.

பாம்பைப் பெரிதாக்கிச் சொல்வது டி.வி. கண்டுபிடித்த வித்தையன்று. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். செங்கண்மா என்னும் செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும்போது, யானையையும் அகப்படுத்தும் மாசுணம் விழுந்து கிடக்கும் மரம்போல் கிடக்கும், பார்த்து விலகிப் போங்கள் என்கிறார் பெருங்கௌசிகனார். செங்கம் எங்கள் வந்தவாசிப் பக்கத்திலிருந்து அதிக தூரமில்லை. அந்த மலைகளில் மலைப்பாம்பு உண்டு. ஆனால் யானையைப் பிடிக்கும் மலைப்பாம்பு உலகத்தில் எங்கும் இல்லை. அது கவியின் மிகை. என்றாலும் கவனியுங்கள்: புலவர் பயமுறுத்திவிட்டு நிறுத்தவில்லை. மரக்கட்டை மாதிரி கிடக்கும் என்று அடையாளம் சொல்கிறார், விலகிப் போ என்று வழியும் சொல்கிறார். வழிப்போக்கனுக்கு வேண்டியது இரண்டும் கிடைத்துவிடுகிறது. நம் டி.வி.க்காரர் மிகையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்.

சங்கப் பாடல்களில் இடியோசைக்கு நாகம் நடுங்குவதும், நாகம் மணி உமிழ்வதும் அடிக்கடி வரும். இடிக்கு நடுங்குவது கவிஞரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் தரையின் அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் அது உணரும். நாகமணி மட்டும் கட்டுக்கதை. அந்த மணியை விற்கிறேன் என்று இன்றும் ஆள் வருகிறான். கடையிலேயே ஒருவன் வந்து என்னிடம் காட்டினான். கண்ணாடிக் கல்!

எங்கள் சமண மரபில் பாம்புக்கு வேறு இடம். பார்சுவநாதர் இளவரசராக இருந்தபோது, வேள்வித் தீயில் எரிந்துகொண்டிருந்த கட்டைக்குள் பாம்பு இணை ஒன்று துடிப்பதை அறிந்து வெளியே எடுக்கச் செய்தார் என்பது கதை. அந்த நாகமே பின்பு தரணேந்திரனாகி அவர் தலைமேல் படம் விரித்துக் காத்தது. கழுகுமலைப் பாறையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேல்சித்தாமூர்க் கோயிலில் சிறுவயதில் அந்தப் படக்குடையைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குப் பாம்பு என்றால் நிழல் தருவது. சைவ நண்பர்களுக்கு அது சிவன் கழுத்தில், வைணவர்களுக்குப் பெருமாள் படுக்கையாக. ஆனால் பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற பழமொழியும் நம்முடையதுதான். கும்பிடுவதும் அடிப்பதும் ஒரே கை. இங்கே மராட்டியத்தில் நாகபஞ்சமிக்குக் கூடையில் நல்லபாம்பு கொண்டுவந்து பால் ஊற்றச் சொல்லுவார்கள். பாம்பு பால் குடிக்கிற பிராணியே அல்ல. நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் வாட விட்டால் எதையும் குடிக்கும். பல் பிடுங்கிய வாயோடு அந்தக் கூடையில் கிடந்து பிறகு செத்துப்போகும். பக்தியும் ஒரு பாம்பைக் கொல்லலாம் என்பதற்கு அது சான்று.

ஜோடிப் பாம்பு பழிவாங்கும் என்ற எண்ணத்தை இந்தியா முழுக்கப் பரப்பியது சினிமா. சொல்ல வெட்கமாயிருந்தாலும், இதில் நம்மவர் பங்கு பெரிது. 1954இல் வந்த 'நாகின்' ஹிந்திப் படத்தில் ஆடியவர் நம் வைஜயந்திமாலா. மகுடி என்று நாடே மயங்கிய அந்த இசை மகுடியே அல்ல. கிளாவியோலின் என்ற மின்வாத்தியத்தில் கல்யாண்ஜி வாசித்தது. அன்றுமுதல் பாம்பு என்றால் அந்த இசைதான். டி.வி. செய்தியிலும் அதே! 1976இல் இன்னொரு 'நாகின்'. அதைத் தழுவி 1979இல் தமிழில் 'நீயா?'. காதலனைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்லும் பெண் பாம்பின் கதை. 1986இல் 'நகீனா'வில் ஸ்ரீதேவி. 2015முதல் ஹிந்தி டி.வி. தொடராகவும் வந்தது. உண்மையில் பாம்பு ஜோடியாகக் குடித்தனம் நடத்துவதில்லை. கூடும் காலம் முடிந்தால் அதன் பாட்டுக்கு அது. முகம் நினைவு வைத்துப் பழிவாங்கும் மூளை அமைப்பும் அதற்கில்லை. பிறகு 1997இல் 'அனகோண்டா' என்ற அமெரிக்கப் படம். தென் அமெரிக்கச் சதுப்பில் கிடக்கும் விஷமில்லாத பாம்பை, படகைத் துரத்தி மனிதர்களை விழுங்கும் பூதமாக்கினார்கள். அதன்பின் செய்தித்தாளில் எந்த மலைப்பாம்பு பிடிபட்டாலும் 'அனகோண்டா போன்ற' என்று அடைமொழி சேர்ந்துவிட்டது.

இது பயமுறுத்தும் பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. செல்போனில் இளைஞர்கள் பார்க்கும் படங்களில் பச்சை இகுவானா தோளில் உட்கார்ந்திருக்கும், மஞ்சள் பாம்பு கழுத்தில் மாலையாகக் கிடக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதில் தெரியாதது: கையளவுக் குட்டியாக வாங்கும் இகுவானா வால்நுனிவரை ஐந்தாறடி வளரும், வாலால் சாட்டைபோல் அடிக்கும். இலைதழை தின்னும் பிராணிதான், ஆனால் சூடு, வெயில், பெரிய கூண்டு எல்லாம் வேண்டும். மும்பையில் மனிதனுக்கே பத்துக்குப் பத்து! செங்காது ஆமை இன்னும் மோசம். காசு அகலத்துக்குக் குட்டி; மீன் தொட்டிக் கடையில் அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்பார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி அதன் சொந்த ஊர். ஒரு அடிக்குக் கிட்ட வளர்ந்து முப்பது வருஷம் இருக்கும். தொட்டி போதாமல் போனதும் கோயில் குளத்தில், ஏரியில் விடுகிறார்கள், புண்ணியம் என்று நினைத்து. அது அங்கே பெருகி நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. கேரளத்து நீர்நிலைகளிலும், குவாஹாட்டிக் கோயில் குளத்திலும் கண்டிருக்கிறார்கள். இவற்றின் மேலிருந்து குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்னும் வயிற்றுநோய் தொற்றுகிறது என்பதால், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குட்டியை விற்கக் கூடாது என்று அமெரிக்காவிலேயே 1975இல் தடை போட்டுவிட்டார்கள். பாம்பைக் கண்டு அலறும் குடும்பம் ஆமைத் தொட்டியைக் கழுவிவிட்டு அதே கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டும். எது ஆபத்து?

வெளிநாட்டுப் பிராணியால் கேடே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்பில், வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமான பர்மா மலைப்பாம்புகள் பல்கிப் பெருகிவிட்டன. அவை நிலைகொண்ட பகுதிகளில் ரக்கூன், ஒப்போசம் முதலிய சிறு விலங்குகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2012இல் ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அதே ஆண்டு அந்தப் பாம்பின் இறக்குமதிக்கு அந்த அரசு தடை விதித்தது. அங்கே கெட்டது மனிதன் கடிபட்டதால் அல்ல; காடு காலியானதால். ஆனால் படம் எடுப்பவர்களுக்கு மனிதனை விழுங்கினால்தான் படம்.

நம் நாட்டில் விமான நிலையச் செய்திகள்தான் அதிகம். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் 55 பால் பைத்தான், 17 ராஜநாகம். கூட வந்த ஆறு குரங்குகள் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தன. டிசம்பரில் நம் மும்பையில் பாங்காக்கிலிருந்து வந்தவரிடம் பிஸ்கட் பாக்கெட்டுகளுக்குள் 9 பால் பைத்தானும் 2 சோளப்பாம்பும். 2025 ஜூனில் மும்பையிலேயே தாய்லாந்திலிருந்து வந்தவரிடம் 47 விஷ விரியன்கள். இவையெல்லாம் சுங்கத்துறை பிடித்தவை. பிடிபடாதவை எத்தனையோ. செய்தியில் நெளியும் பாம்பை இரும்புக் கம்பியால் தூக்கிக் காட்டுவார்கள். துணிப்பையில் கட்டி, தண்ணீரில்லாமல், மூச்சுக்குக் காற்றில்லாமல் வந்த உயிர்கள் எத்தனை செத்தன, பிழைத்தவை எங்கே போயின என்று மறுநாள் யாரும் எழுதமாட்டார்கள்.

வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் செய்திகளின் கடைசி வரியில் 'சர்வதேசச் சந்தையில் இதன் மதிப்பு இத்தனை லட்சம், இத்தனை கோடி' என்று தவறாமல் வரும். அது செய்தி அல்ல, விளம்பரம். மண்ணுளிப் பாம்பின் கதி அதனால்தான் வந்தது. நாங்கள் சிறுவர்களாயிருந்தபோது, அது நக்கினால் குஷ்டம் வரும் என்று தூர ஓடுவோம். அது அறவே சாதுவான, மண்ணுக்குள் எலி தின்னும் பிராணி. வால் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்று பெயர். பிறகு அதிர்ஷ்டம் தரும், மருந்துக்கு ஆகும், கோடிக்கு விலைபோகும் என்று கதை கிளம்பி, பத்திரிகையிலும் விலை வர வர, குடியானவர் எல்லாம் மண்வெட்டியோடு தேட ஆரம்பித்தார்கள். நாற்பது வருஷம் கடை நடத்தியவன் கேட்கிறேன்: விலை சொல்பவன் இருக்கிறான், தரகன் இருக்கிறான்; கடைசியில் பணம் கொடுத்து வாங்கியவன் யார்? வாங்குபவனே இல்லாத சரக்குக்கு விலை எப்படி? ஒருவன் அடுத்தவன் தலையில் கட்டுவதுதான் அந்த வியாபாரம். அதே வேளையில் நம் நட்சத்திர ஆமையை ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் பொறுக்கி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். 2019இல் உலக ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து வணிகத்துக்கு முற்றிலும் தடை செய்த பிறகும்.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்கு இருக்கிறது. வெளிநாட்டுப் பிராணிகள் அந்தச் சட்டத்துக்குள் நெடுங்காலம் வரவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு, வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொன்னால் காகிதம் கேட்கமாட்டோம் என்று அறிவித்தது. பிறகு சட்டத் திருத்தம் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பால் பைத்தான், இகுவானா முதலியவை அதன் நான்காம் அட்டவணைக்குள் வருகின்றன. 2024 பிப்ரவரி 28இல் வெளியான விதிகளின்படி, வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் பதிய வேண்டும். குட்டி போட்டாலும் செத்தாலும் தெரிவிக்க வேண்டும். நம் பையன் பதியவில்லை. செல்போன் வழியாக யாரிடமோ வாங்கியிருக்கிறான், ரசீது கிடையாது. கெடு ஆகஸ்டு கடைசியில் முடிந்துபோயிருந்தது. வனத்துறையினர் பாம்பை எடுத்துக்கொண்டு, அவனிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிப் போனார்கள். மூன்று முறை நானும் கூடப் போய்வந்தேன். "மாமா, அதுக்கு அங்க சூடு வச்சிருப்பாங்களா? இல்லன்னா சாப்பிடாது" என்பதுதான் அவன் கேட்ட ஒரே கேள்வி. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வாட்ச்மேனைத் திட்டினேன். பீகார்க்காரர், என் வயதுதான். சாரைக்கு விஷம் இல்லை, தாமண் என்று இங்கே சொல்வதுதானே, அதை ஏன் அடித்தீர் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சேட்ஜி, என் அண்ணன் மகள் தரையில் படுத்திருந்தாள். ராத்திரி வயிறு வலிக்கிறது என்றாள். கடித்த இடமே தெரியவில்லை. மந்திரிக்கிறவரிடம் தூக்கிப் போனோம். விடிவதற்குள் கண் இமை மூடி மூச்சு நின்றுவிட்டது." கட்டுவிரியன். அதற்குமேல் நான் பேசவில்லை.

அவர் பயம் டி.வி. தந்ததல்ல. 2000முதல் 2019வரை இருபது ஆண்டில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தார், பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. பீகாரும் உத்தரப் பிரதேசமும் அதிகம் இழந்த மாநிலங்களில் உள்ளவை. மும்பை ஃப்ளாட்டில் தப்பிய விஷமில்லாத ஒரு பாம்புக்கு அரைமணி நேரம் ஒதுக்கிய டி.வி., அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. அத்தனை பேர் சாவதால் அது செய்தியாகத் தோன்றவில்லைபோலும். மத்திய அரசு 2024 மார்ச்சில்தான், 2030க்குள் இந்தச் சாவுகளைப் பாதியாக்குவது என்று திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, பாம்புக்கடி வந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இகுவானா அல்ல, இந்த நாலு பாம்பு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மராட்டியில் நாக், மண்யார், கோணஸ், ஃபுர்சே. வேலைக்காரம்மா 'மண்யார்' என்று கத்தினால் என்னவென்று நமக்குப் புரிய வேண்டுமல்லவா? மிகப் பெரும்பாலான சாவுகள் இந்த நாலால்தான். நாலுக்கும் சேர்ந்தே முறிமருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு விஷம் எடுத்துத் தருவதில் முதலிடம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978முதல் நடக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. கொன்று தோல் விற்றுக்கொண்டிருந்தவர்கள், தோல் வியாபாரம் தடையானபின், உயிரோடு பிடித்து விஷம் எடுத்துக்கொண்டு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பீகார்க் கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒருவர் பிழைக்கும்போது அதில் இருளர் கையும் இருக்கலாம். இதைச் சொல்லும் சினிமா ஒன்று வந்தால் முதல் டிக்கெட் எனக்கு.

கடித்தால் கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல், கையோ காலோ அசையாமல் வைத்து, முறிமருந்துள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டுவிரியன் கடி வலிக்காது, வீங்காது. மழைக்காலத்தில் தரையில் படுத்தவர் நள்ளிரவில் வயிற்றுவலி என்றால் அலட்சியம் வேண்டாம். கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் அது உள்ளே வராது.

அந்தத் தீபாவளிக்கு வாட்ச்மேன் ஊருக்குப் போனபோது இரண்டு கொசுவலையும் ஒரு டார்ச்சும் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் ஒன்பது பேர், இரண்டு வலை எப்படிப் போதும் என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பாம்பு வந்தால் அடிக்காமல் வனத்துறை எண் 1926ஐக் கூப்பிடவும் என்று தமிழ், மராட்டி, ஹிந்தி மூன்றிலும் என் கையாலேயே எழுதி கட்டடத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். மறுவாரமே அதன்மேல் தண்ணீர் வராத நாள் பற்றிய நோட்டீஸை ஒட்டிவிட்டார்கள். பெயர்த்தெடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மராட்டியில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது என்று இரண்டாம் மாடிக் குழந்தை சொன்னது. அதையும் திருத்த வேண்டும்.